கேட்காமல் எடுக்கிற அலமாரி

லைப்ரரிக்காரா,

கொஞ்ச நாளாகக் கடைக்குள் பச்சை மர வாசனை. இழைத்த சில்வர் ஓக் பலகைகள் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கின்றன. இஞ்சியைத் தட்டிப் போட்டாலும் ஏலக்காயைப் போட்டாலும் டீ வாசனையைத் தள்ளிக்கொண்டு அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. உன் ஜன்னலோரத்து அலமாரிக்குக் கதவு போட்டுப் பூட்டுவதற்காக வந்த பலகைகள் அவை. லைப்ரரிக்குப் போகவேண்டியது என் கடையில் ஏன் நிற்கிறது என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ போன பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. நீ இப்போது இருக்கிற இடத்துக்குத் தபால் உண்டா என்று தெரியாது. உன் சேர்வராயன் சாமியும் என் படைத்தவனும் பேசிக்கொண்டு எப்படியாவது சேர்த்துவிடட்டும்.

உன்னை நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கெல்லாம் நீ லைப்ரரி சார். எனக்கு லைப்ரரிக்காரன். நான் வா, போ என்றுதான் பேசுவேன். செம்மநத்தத்துக்காரனான நீ, இத்தனை வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் "வாங்க பாய், போங்க பாய்" என்பதை விடவில்லை. நான் எரிந்து விழும்போதும் அந்த 'ங்க' குறையாது. எனக்கு அதில்தான் இன்னும் கோபம் வரும். சண்டை போட வந்தவனுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற ஆள் நீ.

என் டீக்கடையிலிருந்து பார்த்தால் லைப்ரரி தெரியாது. முக்கில் திரும்பிப் படி ஏறினால்தான் வாசல். அந்த முக்கைத் திரும்பி நீ நேரங்கெட்ட நேரத்தில் வருவாய். பதினோரு மணி டீயும் இல்லாமல் நாலு மணி டீயும் இல்லாமல் நடுவில் வந்து பெஞ்சில் உட்காருவாய். "உள்ள ஒரு ஆளு இருக்காங்க. செத்த நேரம் இருந்துட்டுப் போறேனுங்க" என்பாய். யார் அந்த ஆள் என்றால் டீயை ஊதிக்கொண்டிருப்பாய். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே வந்து உட்காரும் நூலகரை இந்த மலையில்தான் பார்க்க முடியும் என்று நான் கத்துவேன். அரசாங்கம் உனக்குச் சம்பளம் கொடுப்பது என் பெஞ்சைத் தேய்க்கவா என்று கேட்பேன். புத்தகம் களவு போனால் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, "போனா படிச்சுப்போட்டுத் தானா கொண்டாந்து வெச்சிருவாங்க பாய்" என்றாய். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, உன் மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

அப்போது உன்னைச் சோம்பேறி என்றே நினைத்திருந்தேன். நான் மட்டுமில்லை, கடைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நீயும் ஒரு வார்த்தை மறுத்ததில்லை.

சேலத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்த அன்றுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஜீப் என் கடை முன்னால் நின்றது. லைப்ரரி எங்கே என்று கேட்டார். வழி எதற்கு, லைப்ரரிக்காரரே இதோ இருக்கிறாரே என்று நான் உன்னைக் கை காட்டினேன், என்னமோ பெரிய உதவி செய்கிறவன் மாதிரி. நீ எழுந்து கும்பிட்டாய். எழுந்தவன் நேராகப் படி ஏறுவாய் என்று பார்த்தால், "ஒரு டீ சாப்புட்டுப் போலாமுங்க சார், குளிருக்கு நல்லாயிருக்கும்" என்கிறாய். அவர் முறைத்தார். வேறு வழியில்லாமல் கிளம்பி, அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாய் பார், மாமனார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளைகூட அவ்வளவு மெதுவாக நடக்கமாட்டான். வழியில் நின்று மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைக் காட்டி ஏதோ விளக்கம் வேறு. மழைத் தூறலில் அந்த மனிதர் குடையில்லாமல் நனைந்துகொண்டு கேட்டார்.

மெமோ வந்தது. வேலை நேரத்தில் பணியிடத்தில் இல்லாததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். என்ன பதில் எழுதினாய் என்று கேட்டேன். "டீ குடிக்கப் போனேன்னு எழுதிட்டேனுங்க" என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வெறும் டீக்கா அப்படி இழுத்து இழுத்து நடந்தாய், உள்ளதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். நீ தம்ளரைக் கீழே வைத்தாய். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாய்.

"உள்ளதச் சொன்னா, உள்ள இருந்தது யாருன்னு அடுத்த கேள்வி வருமுங்களே பாய்" என்றாய்.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாய். பின்னால் ஜன்னலோரத்தில் இருக்கிற அலமாரியில் உடம்பைப் பற்றிய புத்தகங்கள் இருந்தன. பிள்ளைப்பேறு, பிள்ளை வேண்டாமென்றால் என்ன செய்வது, குடியை விடுவது எப்படி, மனசு சரியில்லாமல் போனால் என்ன வைத்தியம், புருஷன் அடித்தால் சட்டம் என்ன சொல்கிறது, விவாகரத்து, காதல் கதைகள், சாமியைக் கேள்வி கேட்கிற புத்தகங்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. எஸ்டேட்டிலிருந்தும் காட்டு வேலையிலிருந்தும் யாராவது வந்து, பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் பார்ப்பதும் திரும்புவதுமாக இருப்பார்களாம். நீ மேஜையில் இருக்கிற வரைக்கும் எழுந்து போகமாட்டார்களாம். இது புரிந்த நாள் முதல் அப்படி ஒருத்தர் வந்தால் நீ டீ குடிக்கக் கிளம்பிவிடுவாய். "கேட்டு வாங்கற வரைக்குந்தாங்க பாய் வெக்கம். கையில வந்துட்டா அது வெறும் பொஸ்தகம்" என்றாய். ஏன் உனக்கு இப்படி ஒரு புத்தி வந்தது என்று கேட்டேன். உங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி ஆரம்பித்தாய். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாய். அதைக் கடைசிவரை நீ முடிக்கவேயில்லை.

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். ஓட்டை வாய். காலையில் காதில் விழுந்தது மதியத்துக்குள் கொண்டைஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரம் போய்ச் சேர்ந்துவிடும். டீக்கடைக்காரனுக்கு நாலு சேதி இல்லாவிட்டால் எவன் வந்து பெஞ்சில் உட்காருவான்? ஆனால் நீ அன்று சொன்னதை மட்டும் நான் வெளியே விடவில்லை. அதற்கப்புறம் நீ வந்து உட்கார்ந்தால் உனக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுப்பேன், ஊர்க்கதையை இழுத்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் முன்னால் பஸ்ஸை விட்டிறங்கி முக்கைத் திரும்பியது யார் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். மழையே இல்லாத நாளில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. எல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது. உனக்காக மட்டும்தான் வைத்திருந்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை.

நீ போன செய்தி வந்த நாளைச் சொல்லவேண்டும். நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு ஊருக்குத் திரும்பவில்லை. செம்மநத்தத்துக்கு வந்து உன் வீட்டு முன்னால், சாமைக் காட்டோரம், கூட்டத்தோடு நின்றேன். அழுகை வரவில்லை. உன்னைத் திட்டவேண்டும் போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் என் மனைவி அடுப்பை மூட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவள் உன்னிடம் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. பெருநாளுக்கு உனக்குப் பிரியாணி கொடுத்துவிடுவாள், நீ பலாச்சுளையும் சாமையும் கொடுத்துவிடுவாய், அவ்வளவுதான். இளகின மனசுக்காரி, அதனால் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி பலகைக்கு வருகிறேன். புதுச் சட்டம் ஒன்று வரப்போகிறதாம். பொது நூலகங்களில் பொருத்தமில்லாத புத்தகங்களைத் தனியே பூட்டி வைக்கவேண்டும். வேண்டியவர்கள் புத்தகத்தின் பேரைச் சொல்லிக் கேட்டு, எதற்கென்று காரணம் சொல்லித்தான் வாங்கவேண்டும். சின்ன வயசுக்காரர்கள் பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். எது பொருத்தம் எது பொருத்தமில்லை என்று மேலே யாரோ முடிவு செய்வார்கள். உன் நாற்காலியில் இப்போது இருக்கிற பொண்ணு வெள்ளக்கடையில் வீடு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வருகிறவள். நல்ல பொண்ணு. இது இன்னும் சட்டமாகவில்லை, வரைவுதான், வாசகர்களிடம் கருத்துக் கேட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். கருத்தே இன்னும் கேட்கவில்லை, அதற்குள் பலகை வந்துவிட்டது. வாசகர் வட்டத் தலைவர் வரவழைத்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றாரே, அவரேதான்.

ரைட்டரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பேத்தி கையில் போனைப் பார்த்துப் பார்த்து மனிதருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை லைப்ரரியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் அவர் பேசியபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள். "காலம் கெட்டுக் கெடக்குதுங்க. இங்கயாவது ஒரு கட்டு இருக்கோணும்" என்றார். யாரோ ஒரு இளவட்டம், எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே, அலமாரி இருந்தால் என்ன, பூட்டினால் என்ன என்றான். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எழுந்து, வீட்டில் ஒரு போன் நாலு கை மாறுகிறதே, அதில் ஒரு மருமகள் என்னத்தைத் தேடமுடியும் என்று கேட்டேன். கேட்டு வாங்கு என்பதும் வாங்காதே என்பதும் இந்த ஊரில் ஒன்றுதான் என்றேன். ரைட்டர் சிரித்துக்கொண்டே, "தப்பு இல்லாதவங்க எதுக்குங்க பாய் வெக்கப்படோணும்? நம்மூட்டு ஆளுங்க யாராச்சும் அந்தப் பக்கம் போயிருக்காங்களா, சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

லைப்ரரிக்காரா, அந்த நிமிஷம் என் நாக்கு பட்ட பாட்டை உன்னிடம்தான் சொல்லமுடியும். அவர் வீட்டிலிருந்தே ஒருத்தர் குடையைத் தாழ்த்திக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று நீ என் பெஞ்சில் உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் எழவேயில்லை. யார் என்று உனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். நல்லபடியாக இருக்கிற ஆள். அந்த ஒரு பேரை அங்கே சொல்லியிருந்தால் போதும், ரைட்டர் உட்கார்ந்திருப்பார், பலகை அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும், உன் அலமாரி பிழைத்திருக்கும். பேர் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் நான் ஜெயிப்பேன். சொன்னால், நீ மெமோ வாங்கிக்கொண்டு காப்பாற்றினதை நானே சந்தியில் போட்டு உடைத்தவனாவேன். பூட்டு இல்லாத அலமாரியை நம்பி வந்தவளுக்கு, அப்புறம் அந்த அலமாரி இருந்தென்ன, போயென்ன. நான் வாயைத் திறந்தேன், மூடினேன். பாய்க்கே பேச்சு நின்றுவிட்டது என்று எவனோ சிரித்தான். தோற்றுப்போய் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

கூட்டத்துக்கு டீ நம் கடையிலிருந்துதான். என் மனைவி கெட்டிலோடு வந்திருந்தாள். தம்ளர்களை நீட்டிக்கொண்டே வந்தவள் ரைட்டருக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?" என்றாள். சொல்லுங்கம்மா என்றார் அவர்.

"நானும் அந்த அலமாரியில எடுத்துப் படிச்சவதாங்க. என்ன பொஸ்தகம்னு சொல்லமாட்டேன். அப்ப எனக்கு அது நொம்ப வேண்டியிருந்துச்சு. பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கோணும்னு இருந்திருந்தா, நான் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டேனுங்க."

  ரைட்டர் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுல கேட்டிருக்கக் கூடாதுங்களாம்மா?" என்றார். என் மனைவியிடம் கேட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

"ஊட்டுல கேக்க முடியாததுக்குத்தானுங்க இங்க வர்றது" என்றாள் இவள். பிறகு என் பக்கம் பார்த்தாள். "இவரு கோவிச்சுக்க மாட்டாருங்க. ஆனா சேலம் பூராவும் சொல்லிப்போடுவாரு" என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால் நீ வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து, "உள்ள ஒரு ஆளு இருக்காங்க" என்று சொன்ன ஏதோ ஒரு நாளில், அந்த ஆள் என் வீட்டு ஆள்; கடைப்பக்கம் வராமல் மேட்டு வழியாகப் போயிருக்கிறாள். என்னையே எதிரில் வைத்துக்கொண்டு, என் டீயையே ஊதி ஊதிக் குடித்திருக்கிறாய். நான் எழுந்து முக்குப் பக்கம் போய்விடாமல் பேச்சுக் கொடுத்திருக்கிறாய். அமுக்குணிப் பயலே! மெமோ வந்த அன்று உள்ளே இருந்ததும் அவள்தானோ என்னவோ. உயிர் போகிற வரைக்கும் ஒரு கண் ஜாடைகூட நீ காட்டவில்லை.

ரைட்டர் கருத்தை எழுதச் சொன்னார். எங்கள் ஊர் நூலகத்துக்குப் பூட்டு வேண்டாம் என்று லைப்ரரிப் பொண்ணு எழுதினாள். ரைட்டரே முதல் கையெழுத்துப் போட்டார், யார் முகத்தையும் பார்க்காமல். பலகையை அங்கே வைக்கவேண்டாம் என்று தச்சரிடம் சொல்லிவிட்டார். அவர் வேறு இடமில்லையென்று கொண்டுவந்து என் கடையில் சாத்திவிட்டுப் போனார். இதனால் சட்டம் நின்றுவிடும் என்று நான் உன்னிடம் கதை விடமாட்டேன். எங்கள் காகிதத்தை யார் படிப்பார்கள், படிப்பார்களா என்றே தெரியாது. நாளைக்கே சட்டமாகி வந்தால் அந்தப் பொண்ணு என்ன செய்வாள் பாவம், அவளுக்கு வேலை இருக்கிறது. இன்றைக்கு அலமாரி திறந்திருக்கிறது. அது மட்டும் உண்மை.

கூட்டம் முடிந்து நானும் என் மனைவியும் மேட்டில் ஏறி நடந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கெட்டிலை நான் வாங்கிக்கொண்டேன். மனசு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்குத் தெரியாமல் இவளுக்கு என்ன கஷ்டம்? உடம்பா, மனசா, நானேதான் கஷ்டமா? பிள்ளை இல்லாமல் போன வருஷங்களிலா, என் அம்மா இருந்த காலத்திலா? அந்த நேரத்தில் இவளுக்கு நான் உதவாமல் ஒரு புத்தகம் உதவியிருக்கிறதே என்று பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பொறாமைக்குள்ளேயே, நல்லவேளை அதாவது இருந்ததே என்றும் இருந்தது. கேட்டுவிடலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவளும் நின்று என்னைப் பார்த்தாள். "முட்டி வலிக்குதா, மெதுவா நடப்பமா?" என்று கேட்டேன். வலிக்கிறது என்றாள். மெதுவாக நடந்தோம்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது. சோறு போடும்போது வந்தது. கடை அடைக்கும்போது வந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு எதையாவது பேசித் தப்பித்தேன். நீ இத்தனை பேருடையதை இத்தனை காலம் எப்படித்தான் தாங்கினாய்? எனக்கு ஒருத்தியுடையதற்கே மூச்சு முட்டுகிறது.

நேற்று மதியம் முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தோம். கையால் பரப்பிக்கொண்டே, தலை நிமிராமல், அவளே ஆரம்பித்தாள்.

"என்ன பொஸ்தகம்னு நீங்க கேக்கவே இல்லையே."

"ஆமா, கேக்கல."

"கேட்டா சொல்லிருவேனுங்க."

"தெரியும். அதனாலதான் கேக்கல" என்றேன்.

 அவள் என் பக்கமிருந்த மிளகையும் தன் பக்கம் இழுத்துப் பரப்பிவிட்டு, சோறு ஆறுவதற்குள் போய்ச் சாப்பிடச் சொன்னாள்.